ஈஸ்டருக்கு மன்னித்தவள்

விவாகரத்து மனுவை பெர்சிஸ் தன் கையாலேயே பர்மிய பாஷையில் எழுதினாள். வக்கீல் வைக்கிற வசதி அவளுக்கு ஏது? கியாக்தான் படகுத்துறையில் மொஹிங்கா விற்கிறவள். தீவுப் பகோடாவுக்குப் படகேறுகிற ஜனம் போகிறபோக்கில் ஆளுக்கொரு கோப்பை அரிசி நூடுலும் மீன்குழம்பும் சாப்பிட்டுப் போனால்தான் அவள் வீட்டில் அன்றைக்கு உலை. சொத்து என்று சொல்ல, அப்பா விட்டுப்போன பலகை வீடு ஒன்று இருந்தது. இத்தனை பாடும் அந்த வீட்டுக்காகத்தான்.

புருஷன் செல்லையா போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் மேஸ்திரி. அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம். தொலைகிறது என்று அதையாவது விட்டுவிடலாம். அவளோடு சண்டை வந்தால் துரை இங்கே வந்துவிடுவார். வந்தால் சும்மா இருப்பாரா? குடி, அடி, கடைப் பெட்டியைத் தடவுவது, போவது. கடைசியாக வந்தபோது விட்ட அறையில் பெர்சிஸின் காதிலிருந்து ரத்தம் வந்தது. வார்டு ஆபீசில் போய் நின்றாள். "வீட்டுப் பட்டியலில் குடும்பத் தலைவர்னு அவர் பேர்தானே இருக்கு? அவர் வீட்டுக்கு அவர் வர்றதை நாங்க எப்படித் தடுக்கிறது? கோர்ட்டில் பிரிவினைத் தீர்ப்பு வாங்கிட்டு வாங்க, பேரை அடிச்சிடறோம். அப்புறம் வந்தா போலீஸைக் கூப்பிடலாம்" என்றார்கள்.

சரி, கோர்ட்டுதானே என்று கிளம்பினாள். கியாக்தான் கோர்ட்டு குமாஸ்தா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பர்மாக்கார பௌத்தப் புருஷன் பெண்டாட்டி என்றால் நாலு பெரியவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டு பிரிந்துவிடலாம். கிறிஸ்தவர்களுக்கு அப்படி இல்லை, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இருக்கிறது, அதற்குத் தன்லின் மாவட்டக் கோர்ட்டுக்குப் போகணும் என்றார். அந்தச் சட்டத்தின் லட்சணத்தையும் சொன்னார். ஆம்பளை கேட்டால் பெண்டாட்டி சோரம் போனாள் என்று காட்டினால் போதும். பொம்பளை கேட்டால், புருஷன் சோரம் போனதோடு கூட அடியும் உதையுமோ, விட்டுவிட்டு ஓடினதோ இன்னொன்றும் காட்டவேண்டும். பெர்சிஸுக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த விஷயத்தில் செல்லையா அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே.

தன்லினில் மனுவை வாங்கிக்கொண்டு ஏப்ரல் கடைசிக்கு வாய்தா போட்டார்கள். போட்டாதாங்கில் அவன் குடித்தனம் இருந்த மாடிக்குக் கீழே கடை வைத்திருந்த ஜைனப், "நான் வந்து சொல்றேன் பெர்சிஸக்கா, எனக்கென்ன பயம்" என்று சாட்சிக்கு ஒப்புக்கொண்டாள். காதைப் பார்த்த டாக்டரும் சீட்டுக் கொடுத்தார். எல்லாம் கூடி வந்தது. அந்த நேரத்திலா ஈஸ்டர் வந்து தொலையவேண்டும்?

2006-இல் ஈஸ்டரும் தஜ்ஜான் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் விழுந்தன. ஊரெல்லாம் தண்ணீர் வாரி இறைத்துக்கொண்டிருக்க, தமிழ்ச்சபைக்காரர்கள் மட்டும் நனையாமல் சந்து சந்தாகப் புகுந்து பெரிய வெள்ளி ஆராதனைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மனஸ்தாபம் உள்ளவர்கள் பெரிய வெள்ளியன்று எல்லார் முன்னிலும் கையைப் பிடித்து ஒப்புரவாகவேண்டும். ஆகாதவர்களுக்கு ஈஸ்டர் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது. பந்தியில் எழுந்து போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவளை சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். திடப்படுத்தல் வாங்கின வருஷத்திலிருந்து பெர்சிஸ் ஒரு ஈஸ்டர் திருவிருந்தையும் விட்டவள் இல்லை.

அன்றைக்குப் பார்த்து செல்லையா வந்தான். எத்தனையோ வருஷமாகக் கோவில் வாசலை மிதிக்காதவன், வெள்ளைச் சட்டையும் கட்டம்போட்ட லுங்கியுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். போதகர் கூப்பிட்டதும் எழுந்துபோய் முழங்காலில் விழுந்தான். "நான் பாவி, என் பெண்டாட்டி என்னை மன்னிக்கணும்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். பொம்பளைகள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உபதேசியார் அய்யாசாமி பெர்சிஸின் பெஞ்சுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா யோசனை? ஆண்டவர் நம்மை மன்னிக்கலையா? எழுந்திரு."

"கோர்ட்டில் கேஸ் இருக்கு ஐயா."

"அது மனுஷன் கோர்ட்டு. இது அவர் சந்நிதி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

அந்தப் பேச்சு அவளுக்கு நியாயமாகப் பட்டது. மன்னிக்கிறது ஆண்டவருக்காக. பிரிஞ்சு போகிறது எனக்காக. இதில் அதுக்கென்ன இடைஞ்சல் என்று நினைத்தாள். போய் அவன் கையைப் பிடித்து, "மன்னிச்சேன்" என்றாள். பொய்யாகவும் சொல்லவில்லை. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினது அவளுக்கே தெரிந்தது.

ஒப்புரவானவர்கள் அன்றைக்கு ஒரே வீட்டில் சாப்பிடவேண்டும் என்பதும் வழக்கம்தான். செல்லையா கூடவே வந்து சாப்பிட்டான். தஜ்ஜானுக்கு பஸ் ஓடவில்லை, எப்படிப் போவேன் என்றான். தங்கினான். விழா முடிந்து பஸ் ஓடுகிறவரைக்கும் தங்கினான். குடிக்கவில்லை, கையை ஓங்கவில்லை, விறகுகூடப் பிளந்து போட்டான். ராத்திரி பக்கத்தில் வந்து படுத்தபோது வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காலையில் மன்னித்தவனை ராத்திரி எந்த முகத்தோடு தள்ளுவது?

ஈஸ்டர் அன்றைக்குத் திருவிருந்து வாங்கினாள். பண்டிகை முடிந்ததும் அவன் வேலைக்குப் போய்விட்டான். வாய்தா அன்றைக்கு அவள் தன்லினுக்கு பஸ் ஏறினாள்.

கோர்ட்டில் செல்லையா பக்கத்தில் தலைப்பாகை கட்டின வக்கீல் ஒருவர் நின்றார். பின்னால் உபதேசியார் அய்யாசாமி. நீதிபதி ஒரு பர்மிய அம்மாள், பொறுமையானவர். ஜைனப் சொன்னதைக் கேட்டார், டாக்டர் சீட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். செல்லையாவின் வக்கீல் இதில் ஒன்றையுமே மறுக்கவில்லை. உபதேசியாரைக் கூண்டில் ஏற்றி, பெரிய வெள்ளியன்று நடந்ததைச் சொல்லச் சொன்னார். அவரும் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்கிற புண்ணியம் தனக்கே என்கிற மாதிரி பூரிப்பாகச் சொன்னார்.

நீதிபதி பெர்சிஸைக் கூப்பிட்டார். பைபிளில் கை வைக்கச் சொன்னார்கள்.

"இவரை மன்னிச்சீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வக்கீல் என்று ஒருத்தர் அவளுக்கு இருந்திருந்தால் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். கைக்கடியில் பைபிள் இருந்தது.

"மன்னிச்சேன்."

"அதுக்கப்புறம் வீட்டில் தங்கினாரா? புருஷன் பெண்டாட்டியா இருந்தீங்களா?"

முன்னால் குமாஸ்தா, பின்னால் வேறு கேசுக்கு வந்த ஆம்பளைகள். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. "இருந்தோம்" என்றாள். உடனே, "அம்மா, அது சாமிக்காகச் செஞ்சது. இது வேறே. அடிச்சதை அடிக்கலைன்னு நான் சொல்லலையே" என்றாள்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "எனக்குப் புரியுது. சட்டத்துக்குப் புரியாது. குற்றத்தை மன்னிச்சு மறுபடி சேர்ந்து வாழ்ந்தா, அதை வச்சு விவாகரத்து கேட்க முடியாது. இனிமே இவர் மறுபடி அடிச்சாலோ, வேறே பொண்ணோட போனாலோ பழைய குற்றமும் சேர்ந்து உயிர் பெறும். அப்ப வாங்க." மனுவைத் தள்ளிவிட்டார்.

பஸ்ஸில் செல்லையா அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். போட்டாதாங்காரி பங்குனியிலேயே பூட்டை மாற்றிவிட்டாளாம், அதையும் இப்போதுதான் சொன்னான். "எங்கே போறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். வக்கீல்தான் வழி சொன்னார். பெரிய வெள்ளிக்குப் போய் அழு, உள்ளே விட்டாள்னா பஸ் ஓடறவரைக்கும் நகராதேன்னார். மூளைக்கார மனுஷன்." சொல்லிவிட்டு ஜன்னல்வழியே எச்சில் துப்பினான். பெர்சிஸ் அவன் அழுத அழுகையை நினைத்துப் பார்த்தாள். அடப்பாவி என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அன்றைக்கு வந்து உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. துறைமுக வேலையையும் விட்டுவிட்டான். கடைப் பெட்டி அவன் கைக்குப் போனது. எதிர்த்துக் கேட்டால் சிரிப்பான். குடித்தாலும் அளவாகக் குடித்தான். போதகர் வந்து ஜெபம் பண்ணி, கர்த்தர் இந்தக் குடும்பத்தில் செய்த அதிசயத்தைப் பார் என்றார். பெர்சிஸ் கண்ணை மூடவில்லை.

மழைக்காலம் தொடங்கினபோது அவளுக்கு ஒரு புத்தி வந்தது. நல்ல புத்தி என்று யார் சொல்வார்கள்? அவன் சட்டையைத் துவைக்காமல் மூலையில் கிடக்கவிட்டாள். போட்டாதாங்காரி பூட்டை மாற்றின கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவன் காதுபடச் சொன்னாள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் முன்னால் நின்று, அவனுடைய அம்மாவை, செத்துப்போன மனுஷியை, வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள்.

செல்லையா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கண் சிவந்துவிட்டது. கை மேலே போனது.

பெர்சிஸ் நகரவில்லை. கன்னத்தைத் திருப்பி நன்றாக அவன் பக்கம் காட்டினாள். மழைக்கு ஒதுங்கின இரண்டு பேர் கடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்சிக்கு அது போதும். அடிடா, ஆண்டவரே, இவனை அடிக்கச் சொல்லும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

செல்லையா அவளைப் பார்த்தான். வெளியே நின்றவர்களைப் பார்த்தான். ஓங்கின கையை மெதுவாக இறக்கி, லுங்கியில் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.

"குழம்பு கொஞ்சம் ஊத்து பெர்சி" என்றான்.

அவள் ஊற்றினாள்.