கம்பளத்துக்குக் கீழே பனிக்கட்டி

லவெல் பிக்கெட்டுக்கு வயது முப்பத்தைந்து என்று அணியின் தாளில் அச்சாகியிருந்தது. உண்மையில் முப்பத்தேழு. அந்த இரண்டு வருடத்தை எந்த ஊரில் தொலைத்தான் என்று அவனுக்கே நினைவில்லை. உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பு வரிசைக்காரனாக, எதிரணியில் பந்து எறிபவனை மடக்குகிறவனாக, பன்னிரண்டு சீசன் ஆடியிருந்தான். அதற்குள் ஒன்பது ஊர், பதினொரு சட்டை. இரண்டு அணிகள் அவன் சட்டை வெளுப்பதற்கு முன்பே கலைந்துபோயின.

கால்பந்து என்று பெயர்தான்; காலுக்கு அதில் வேலை குறைவு. தோளும் கழுத்தும்தான் உழைக்க வேண்டும். அதையும் கூரைக்கு அடியில் ஆடும்போது மைதானம் பாதியாகச் சுருங்கிவிடும், ஆட்களின் எடை மட்டும் சுருங்காது. திறந்தவெளியில் ஓரமாகத் தள்ளினால் புல்லில் உருண்டு எழுந்து போகலாம். இங்கே ஓரத்தில் நெஞ்சளவு உயரத்துக்குச் சுவர். அதற்கு மெத்தை கட்டியிருப்பார்கள் என்பது உண்மைதான். நூற்று முப்பது கிலோ ஆள் வந்து மோதும்போது அந்த மெத்தை எந்த மூலைக்குக் காணும்?

நெப்ராஸ்காவின் அந்தச் சிறிய ஊரில் ஒரே அரங்கம்தான். குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்கு ஹாக்கி நடக்கும். ஏப்ரலில் ஹாக்கி முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தால், பனிக்கட்டியைக் கரைக்காமல் மேலே பலகையைப் பரப்பி, பச்சைக் கம்பளத்தை விரித்து, அதன் மேல் இவர்களை ஆடவிடுவார்கள். ஒவ்வொரு முறை பந்து நகரும் முன்பும் வரிசைக்காரர்கள் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிய வேண்டும்; அப்போது கம்பளத்தின் வழியாகச் சில்லென்று ஏறும். வரிசைக்காரர்கள் எல்லோரும் அதைத் திட்டுவார்கள். லவெலுக்கு மட்டும் அது பிடிக்கும். உடம்பு சூடாக இருக்கும்போது விரல்நுனியில் ஏறும் அந்தக் குளிர்தான் அவனுக்கு ஆட்டம் தொடங்கிவிட்டதற்கான அடையாளம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மோதலில் கழுத்திலிருந்து இடது கைக்கு மின்சாரம் பாய்ந்தது மாதிரி இருந்தது. இது எல்லோருக்கும் வருவதுதான், ஐந்து நிமிடத்தில் போய்விடும். அவன் எழுந்து போய் வழக்கம்போல இடது கையை ஊன்றினான். குளிரவில்லை. கம்பளத்தில் கையை வைத்திருக்கிறோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதன்பிறகு ஒருநாளும் குளிரவில்லை.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். கோச் ஹெய்ன்ஸ் ஆட்களைத் திங்கட்கிழமை காலையில்தான் அனுப்புவார், அதுவும் போனில். எடுத்தவுடன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரானால் வேறு ஏதோ விஷயம். "மிஸ்டர்" என்று தொடங்கினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இந்த ஊருக்கு வந்த ஐந்து வருடத்தில் எத்தனையோ பேர் மிஸ்டர் ஆனதை லவெல் பக்கத்துக் கட்டிலிலிருந்து பார்த்திருக்கிறான்.

போன வியாழக்கிழமை கோச் அவனை ஓரமாக நிறுத்தினார்.

"டெக்சஸ்ல ஒரு பையன் இருக்கான், லவெல். இருபத்திமூணு வயசு. பஸ் ஏறட்டுமான்னு கேக்கறான். ஞாயித்துக்கிழமை நீ எப்படி ஆடுறேன்னு பாத்துட்டு அவனுக்குப் பதில் சொல்றேன்."

"அவன அங்கயே இருக்கச் சொல்லுங்க, கோச். பஸ்ல ரொம்பத் தூரம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வாரத்தில் ஐந்து நாள் அவன் ஒரு கடையின் மெத்தைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்குகிறவன். கதவைத் திறப்பவர்கள் அவன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். ஆறாவது நாள் மூவாயிரம் பேர் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். அந்த ஆறாவது நாளை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் கான்சஸ் அணி வந்து இறங்கியது. லவெலை மறிக்க வேண்டிய ஆள் சியோசி மட்டாகி. சமோவாத் தீவுக்காரன், கதவு மாதிரி அகலம். முன்பு இரண்டு சீசன் இருவரும் ஒரே அணியில், ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரே சட்டியில் நூடுல்ஸ் கிண்டி, அதில் டப்பா மாட்டிறைச்சியைக் கொட்டித் தின்றுகொண்டு, பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். எதிராளியின் முகத்தைப் பார்க்காதே, ஊன்றியிருக்கும் கையைப் பார் என்பது அந்த அறையில் இருவருக்கும் வேதம். விரல் வெளுத்திருந்தால் முன்னால் பாய்வான், லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் பின்வாங்குவான். முகம் பொய் சொல்லும், கைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"என்ன உசோ, இன்னும் சாகலையா நீ?" என்றான் சியோசி. அவன் தீவில் உசோ என்றால் உடன்பிறந்தான்.

"உன்னப் பொதச்சிட்டுத்தான் நான் போவேன். தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத."

முதல் முறை குனியும்போது லவெல் வலது கையை ஊன்றினான். மூன்று வாரமாக அப்படித்தான். இடது கையில் எடையைப் போட்டால் அது பிடிக்குமா மடங்குமா என்று நிச்சயமில்லை. சியோசி ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

ஆட்டம் சரிக்குச் சரியாகப் போனது. லவெல் நன்றாகவே ஆடினான். வலது தோளால் மோதினான், வலது கையால் இழுத்தான், இடது கையைச் சும்மா முன்னால் நீட்டி வைத்திருந்தான். சுவருக்குப் பின்னால் முதல் வரிசையில் டார்லீன் உட்கார்ந்திருந்தாள். முடிதிருத்தும் கடைக்காரி. மாட்டு மணி ஒன்றைக் கொண்டுவந்து அவன் காதுக்குப் பக்கத்தில் ஆட்டுவதை ஐந்து வருடமாக விடாமல் செய்துவருபவள்.

"என்ன லவெல், கீழயே கெடக்கற? வேலையில நீ எறக்குற மெத்தைன்னு நெனச்சியா? எழுந்திரு!"

"வரேன் தாயே, கத்தாத."

கடைசிப் பதினொரு வினாடி. நெப்ராஸ்கா மூன்று புள்ளி முன்னால். கான்சஸ்காரர்கள் கடைசிக் கோட்டைத் தொட இன்னும் ஐந்தே கஜம்; ஒரு வீச்சு விழுந்தால் ஆட்டம் அவர்களுடையது. பந்து நகர்ந்தது. கான்சஸின் எறிபவன் பந்தோடு சுவர்ப்பக்கம் ஓடி வந்தான். லவெலுக்கு வலப்புறம் சுவர், முன்னால் சியோசி. சியோசியின் கை லவெலின் இடது தோளில் வந்து பதிந்தது. பதிந்த கை அப்படியே நழுவிப் போனது. லவெல் புகுந்தான். எறிபவனை இடுப்போடு அணைத்து டார்லீனின் மடிக்கு நேரே சுவரில் சாய்த்தான். பந்து உருண்டது, சங்கு ஊதியது, அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். டார்லீன் எட்டி அவன் தலைக்கவசத்தில் மணியாலேயே நாலு தட்டுத் தட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர். அவன் கண்ணிலும்தான்.

ஆட்டம் முடிந்ததும் சுவரின் கதவுகளைத் திறந்துவிடுவார்கள். சனம் கம்பளத்துக்கு இறங்கும். வேர்வையோடு நிற்கும் ஆட்டக்காரர்கள் தொப்பியிலும் சட்டையிலும் கையெழுத்துப் போட வேண்டும். கோச் கூட்டத்தில் புகுந்து வந்து அவன் முதுகில் அறைந்தார்.

"டெக்சஸ் பையன வர வேணாம்னு சொல்லிடப் போறேன், லவெல். சாயங்காலம் பேசறேன் அவன்கிட்ட."

உலகத்தில் அதைவிட நல்ல செய்தி ஒன்று அவனுக்கு இருந்ததில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றான். அப்போதுதான் எதிரணிக்காரர்கள் போகும் வாசலருகே சியோசி தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். தேற்றலாம் என்று போனான்.

"விட்றா. உன் கை வழுக்கிருச்சு. எல்லாருக்கும் நடக்கறதுதான்."

சியோசி நிமிர்ந்து பார்த்தான். "வழுக்கல உசோ."

"என்ன?"

"நீ மொதல் தடவ குனிஞ்சப்பவே தெரியும். எடது கைய ஊனாம நீ ஆடி நான் பாத்ததே இல்ல. மத்தியானம் பூரா அந்தக் கைய ஒரு வாட்டியாச்சும் மடக்கினியா? கடைசில தோள்ல கைய வச்சேன். உள்ள ஆளே இல்ல. ஒரு அழுத்து அழுத்தியிருந்தா நேரா செவுத்துல போயிருப்ப. என்னத் தடுக்க உனக்கு எடது கையில்ல. கழுத்துதான் வாங்கியிருக்கும்."

லவெலுக்குக் காதெல்லாம் சூடேறியது. "எனக்குப் பிச்சை போட்டியாடா?"

"ஆமா. திட்டணும்னா திட்டிக்க. நீ செவுத்துல சாச்ச எங்க ஆளுக்கு வெலா எலும்பு வலிக்குது. பஸ்ல ஏழு மணி நேரம் அவன் பக்கத்துலதான் நான் உக்காரணும். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காருவேன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

லவெல் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தான். எதிராளி இரக்கப்படுகிற ஆளாகத் தான் ஆகிவிட்டதை அவனால் நம்ப முடியவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. கடைசியில் இதுதான் வந்தது:

"எழுந்திரு. இன்னொரு வாட்டி. இந்தத் தடவ விடாத."

"பைத்தியமா உனக்கு?"

"நடுவுக்கு வா, அங்க செவுரு தூரத்துல இருக்கு. எழுந்திருடா."

இருவரும் கூட்டத்துக்கு நடுவே போய் எதிரெதிராகக் குனிந்தார்கள். சனம் இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து வட்டமாக விலகிக் கைதட்டியது. லவெல் இந்த முறை இடது கையை ஊன்றினான். கம்பளத்தைப் பார்த்தான், விரல்கள் அதில்தான் இருந்தன. குளிர் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தான்.

சியோசி பாயவில்லை, ஓடவில்லை. ஒரே ஒரு உள்ளங்கையை நீட்டி, கதவைத் திறக்கிற மாதிரி, அவன் இடது தோளைத் தள்ளினான். லவெல் மல்லாந்து கிடந்தான். கூரையில் ஹாக்கிக்காரர்களின் கொடிகள் தொங்கின. டார்லீன் ஓடி வந்தாள்.

"என்ன விளையாட்டு இது, எழுந்திரு லவெல்! கையக் குடு!"

அவள் பிடித்தது இடது கையை. அவள் பிடித்திருப்பதை அவன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டான். அவளும் எதையோ கண்டுகொண்டாள்போல. மணியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தின் விளிம்பில் கோச் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் போன் இருந்தது. சியோசி லவெலைத் தூக்கி நிறுத்தினான். லவெல் நேரே அவரிடம் நடந்து போனான். ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அதற்கா பஞ்சம்? சும்மா விளையாடினோம், கோச். அவ்வளவு சொன்னால் போதும், அடுத்த வாரமும் ஆடலாம்.

"கோச்," என்றான். "அந்தப் பையன வரச் சொல்லுங்க."

ஹெய்ன்ஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"சரிங்க, மிஸ்டர் பிக்கெட்," என்றார்.