ஒன்றை அழுத்தவும்

டெல்லி லோதி ரோட்டு அரங்கில் சால்வை தோளில் விழுந்ததும் கிளமெண்டுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. போர்த்தியவன் கௌதமன். மூட்டுவலித் தைலம் முதல் அடுக்குமாடி வீடு வரை போனிலேயே விற்றுத் தரும் கம்பெனியின் முதலாளி. இப்படி ஒருவன் கையால் மரியாதை வாங்க, துவாரகாவிலிருந்து மெட்ரோ ஏறி வந்த தன்னை எதால் அடிப்பது?

வந்ததற்குக் காரணம் இருந்தது. புயல் வருவது தெரியாமல் குமரிக் கடலுக்குப் போன அவர் அப்பா திரும்பவில்லை. அதற்காகவே கிளமெண்ட் ஒரு கருவி செய்தார். ஊரிலுள்ள போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும். முதலில் அவர் ஊர் மாதா கோயிலின் மணியோசை, பிறகு எச்சரிக்கை. போனில் ஒன்று என்ற எண்ணை அழுத்தும்வரை விடாமல் திரும்பத் திரும்ப அடிக்கும். பிற்பாடு அதன் உரிமை கௌதமன் கம்பெனிக்குக் கைமாறியது. அதே மணியை அடித்துத்தான் கௌதமன் தைலம் விற்கிறான். மணியையாவது விட்டுவிடச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருந்தார். கேட்டார்.

"அச்சா! அந்த மணிதானே சார் நம்ம பிராண்டு? அதுக்காகத்தான் ஜனங்க போனையே எடுக்கறாங்க" என்று பல்லைக் காட்டினான் அவன்.

பிறகு மைக்கைப் பிடித்து, கருவி வேலை செய்யும் அழகைக் காட்டினான். அரங்கிலிருந்த போன்கள் மொத்தமும் கோயில் மணி அடித்தன. முன்வரிசையில் சமோசா தின்றுகொண்டிருந்தவர், பக்கத்து ஆளிடம் பேச்சை நிறுத்தாமல், எண்ணெய் விரலால் ஒன்றை அழுத்திவிட்டுப் பைக்குள் போட்டார். எல்லாரும் அப்படித்தான். ஒருவர்கூடக் காதில் வைக்கவில்லை.

"இன்னைக்குக் காலையில குமரிக் கடற்கரைக்கு இதே சிஸ்டத்துலதான் புயல் எச்சரிக்கை போச்சு" என்றான் கௌதமன். "அத்தனை பேரும் ஒண்ணை அழுத்தியிருக்காங்க. ஒருத்தர் பாக்கியில்லை!"

அரங்கம் கைதட்டியது. கிளமெண்ட் அவசரமாக ஊரிலிருக்கும் தம்பி பிராங்ளினுக்கு அடித்தார். கிடைக்கவில்லை. தம்பி மனைவி சூசையம்மாளுக்கு அடித்தார்.

"காலையில அந்த மணி அடிச்சுது அத்தான். தைலம் விக்கிய சனியந்தானேன்னு அவிய ஒண்ண அமுக்கிட்டு வள்ளத்த எறக்கிட்டாவ. இப்பந்தான் டிவியில புயலுன்னு சொல்லுதான். சாமியாரு கோஸ்ட் கார்டுக்குச் சொல்லியிருக்காவ. நீங்களும் அங்க ஆரையாவது புடிச்சுச் சொல்லுங்க அத்தான்!"

கிளமெண்ட் சால்வையை உருவித் தரையில் எறிந்தார். கௌதமன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். அவன் பேச்சுக்குக் கைதட்டல் மறுபடி எழுந்திருந்தது. அந்தச் சத்தமே அருவருப்பாக இருந்தது.

"நிறுத்துங்க! அழுத்தினவங்கள்ல என் தம்பியும் ஒருத்தன். அவன் இப்போ கடல்ல இருக்கான். கடலோரக் காவல்படையில ஆள் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா எழுந்து வாங்க!"

முன்வரிசையில் இரண்டு அதிகாரிகள் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கருவியைக் காட்டியபோது மைக் பிடித்த கையால் அழுத்த முடியாமல் கௌதமன் விட்டுவைத்த போன் அப்போது மறுபடி கோயில் மணி அடித்தது. கண்ணைக் கிளமெண்ட் மேல் வைத்தபடியே, காதில் வைக்காமல், அவன் கட்டைவிரல் ஒன்றை அழுத்தியது.