கம்பளிக்குள் இருந்த பால்

றோசலினுக்கு மார்பு கட்டி வலித்தது. பால் சுரந்து சுரந்து, இறுக்கிய துணியே நனைந்துவிட்டது. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விடும்போது ஆயா ராக்காயியிடம் மெல்லக் கேட்டாள்:

"ஒருவாட்டி நானே குடுத்துப் பாக்கட்டுங்களா?"

"குடு. முந்தினது போன எடத்துக்கே இதையும் அனுப்பு."

போன வருடம் முதல் பிள்ளை வயிற்றோட்டத்தில் செத்தபோது, 'தாய்ப்பால் கெட்டது' என்று லயத்து வீட்டு வரிசை முழுவதற்கும் சொன்னவள் ராக்காயிதான். றோசலின் கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறினாள்.

ராக்காயி கெட்டவள் அல்ல. விடியற்காலை ஆறு மணிக்கே பிள்ளைகளுக்குப் பால்மாவைக் கரைத்து, பொகவந்தலாவை மலைக் குளிரில் ஆறாதபடி சட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைப்பாள்.

அந்த வாரம் ஐந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். தோட்டத்து மருந்துக்கார அம்பலவாணர் காலையில் வந்து, அதே பாலில் கொஞ்சத்தைப் போத்தலில் ஊற்றி வெளியே பனியில் வைத்துவிட்டுப் போனார். நண்பகலில் நுண்ணோக்கிப் பெட்டியோடு திரும்பி, ராக்காயியைக் கூப்பிட்டார்.

"இது பனியிலை வைச்ச பால். பார்."

"அங்கொண்ணு இங்கொண்ணு புள்ளிங்க."

"இப்ப உன்ரை சட்டிப் பால்."

ராக்காயி குனிந்தாள். வெறும் வெள்ளையாய் இருந்த ஒரு சொட்டுக்குள் திருவிழாக் கூட்டம்! நெளிந்தன, முட்டின. நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒன்று, அவள் கண் வலிக்கப் பார்த்து நிற்கும்போதே இரண்டாகிப் போனது.

"ஆத்தாடி! உசிரு உசிரப் பெத்துப்போடுதே!"

"ஓடைத் தண்ணியிலை குளிரும் பட்டினியும். அங்கை உது ரெண்டாக ஒரு முழு நாள்கூட எடுக்கும். ஆய்வுகூடத்திலை சூடும் தீனியும் குடுப்பம், இருபது நிமிசம் போதும். ஒண்டு, ஆறு மணித்தியாலத்திலை இரண்டரை லட்சம். நீ கம்பளிக்குள்ளை ஆய்வுகூடம் நடத்தியிருக்கிறாய்."

"தாய்ப்பாலுங்க?"

"அது நேரை பிள்ளையின்ரை வாய்க்குப் போகுது. உதுகள் பெருக நேரமேது?"

ராக்காயி மறுபடியும் குனிந்து பார்த்தாள். வியப்பு தீரவில்லை. றோசலினின் முதல் பிள்ளை பகலெல்லாம் இங்கே குடித்ததும் இந்தச் சட்டிப் பால்தான்.

கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடி றோசலினைக் கையோடு இழுத்து வந்தாள். குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.

"துணிய அவுரு. குடு. ஒம் பால்ல ஒரு கொறையுமில்ல. கண்ணுக்குத் தெரியாத பூச்சி கெடுதிதான். தெரியாததத் தெரிஞ்சாப்ல சொல்லி அடுத்தவ மேல பழி போட்டேனே, அது அதவிடக் கெடுதி."

குழந்தை உறிஞ்சியது. றோசலின் சத்தமில்லாமல் அழுதாள்.

ஆனால் பழியைச் சொன்னது லயத்துச் சனம் அத்தனை பேர் முன்னால். அதே சனத்தின் முன்னால் நின்று, 'பிள்ளையைக் கொன்றது என் சட்டிப் பால்' என்று ராக்காயி சொல்ல வேண்டும். றோசலினுக்கு அவள் பட்ட அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.