வேப்பங்குழையும் நாற்பத்தெட்டும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மாமியார் இதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதால் நான் மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் என் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

திருச்சுழி ரோட்டை ஒட்டிய எங்கள் ஊரில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று போடுகிற வேலை. மதியம் ஒன்றரைக்குத் தொடங்கும். அங்கே இருக்கும் கம்ப்யூட்டரை இங்கே என் திரையில் திறந்துதான் செய்ய வேண்டும். நெட் நின்றால் என் கையும் நின்றுவிடும். மூன்று வாரமாக அதுதான் நடந்தது. காலையில் நாற்பத்தெட்டு எம்பி காட்டுகிற வேகம், நான் உட்காருகிற நேரம் பார்த்து இரண்டு, மூன்று என்று விழும். மீட்டிங்கில் என் மேலதிகாரி மேடத்தின் பேச்சு அரையும் குறையுமாக வரும். சாயங்காலம் மெல்ல மெல்லத் தேறி, ஆறு மணிக்கெல்லாம் பழையபடி நாற்பத்தெட்டு.

மேடம் நல்லவர்தான். இரண்டு வாரம் பொறுத்தார். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் லைன் சரியாகவில்லை என்றால் அடுத்த வாரம் சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், ஹாஸ்டலுக்கு அவரே சொல்லிவிடுவார். என் மகளுக்குப் பதினான்கு மாதம். இன்னும் என்னிடம் பால் குடிக்கிறாள். ஹாஸ்டலில் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். லோடு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் வேலையை விடுகிற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளையை விட வேண்டியதுதான்.

அத்தைக்கு இது உடனே புரிந்தது.

"போறதுன்னு ஆயிட்டா இப்பவே பால மறக்கடிக்கணும்த்தா" என்றார். "வேப்பங்கொழுந்த அரைச்சுத் தடவு. கசந்தா தானா விட்டுரும்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். நின்று பதில் சொன்னால் அழுதுவிடுவேன்.

என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். மோடத்தைச் சாமி அலமாரியில் இருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் போட்டேன். வைஃபையே வேண்டாமென்று ஒயரை நேரே லேப்டாப்பில் செருகினேன். பாஸ்வேர்டை மாற்றினேன், மறுநாள் எனக்கே மறந்துபோனது.

கேபிள் ஆபீசில் இருந்து பாண்டீஸ்வரன் இரண்டு தடவை வந்தான். அருப்புக்கோட்டையில் இருந்து வருகிற பையன்தான், எங்கள் வீட்டுக்குக் கேபிள் இழுத்ததும் அவன்தான். வந்தது இரண்டு தடவையும் காலை பத்து மணிக்கு. மீட்டரைச் செருகிப் பார்த்து, "நாப்பத்தெட்டு காட்டுதேக்கா, நான் என்னத்தச் சொல்ல?" என்றான். மதியம் நீதான் ஆபீசில் உட்கார்ந்து குறைக்கிறாயா என்று கேட்டுவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளாமல், மணி போட்டு எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

எழுதினேன். பதினொன்றுக்கு 48. ஒன்றரைக்கு 2. மூன்றுக்கு 9. ஐந்துக்கு 31. ஆறுக்கு 48. எல்லா நாளும் இதே கதைதான். சடாரென்று விழுகிறது, மெதுவாக ஏறுகிறது. மதியம் நடக்கிற காரியம் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று எனக்குப் பட்டது. மதியம் மும்முனைக் கரண்டு வந்ததும் பக்கத்துக் காட்டில் மொக்கையன் சித்தப்பா மோட்டார் போடுவார். அவ்வளவுதான், வரப்பில் போய் நின்று வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். மனுஷர் தலையாட்டிவிட்டுப் போனார். புதன்கிழமை முழுக்க மோட்டார் போடவே இல்லை. அவருடைய மிளகாய்ச் செடி வாடியது. என் வேகம் அப்போதும் இரண்டுதான். அன்று எனக்கு வந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இங்கே எங்கள் ஆடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வெள்ளாடு, என் ஜன்னலுக்கு வெளியே உள்ள கொட்டகையில் நிற்கும். ஒருமுறை மீட்டிங் நடுவில் தாயாடு நீட்டிக் கத்தி, சென்னையில் பதினோரு பேரும் சிரித்தார்கள். மறுநாளில் இருந்து, அத்தை காலையில் இலையும் கிளையுமாக வெட்டிவரும் வேப்பங்குழையை நானே கட்டாகக் கட்டி, ஒன்றேகாலுக்கு ஆடுகளுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டுவிடுவேன். வாயில் குழை இருக்கிற ஆடு கத்தாது. அதன் பிறகுதான் நிம்மதியாக உட்காருவேன்.

வியாழக்கிழமை மதியம் வழக்கம்போல மீட்டிங். மேடத்தின் பேச்சு துண்டு துண்டாக வந்தது. இனி என்ன கேட்டு என்ன ஆகப்போகிறது என்று மனசு விட்டுப்போனது. லேப்டாப்பை ஜன்னலோரம் அப்படியே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். தொங்குகிற குழையில் கொஞ்சம் கொழுந்து பறித்து அரைத்து வைத்தால் ராத்திரிக்கு ஆகும். நாலு இணுக்கு பறித்துவிட்டேன். நல்ல கொழுந்து கட்டின் அடியில் இருந்தது. அதைப் பறிக்க ஒரு கையால் குழைக்கட்டை மேலே தூக்கினேன்.

ஜன்னலில் இருந்து மேடத்தின் குரல் மணி மாதிரி வந்தது. "அனுசியா, உங்களைத்தான். இப்ப கேக்குதா?"

கையை இறக்கினேன். குரல் துண்டு துண்டானது. தூக்கினேன். முழுசாக வந்தது. மறுபடி இறக்கித் தூக்கினேன். பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். நான் குழை கட்டியிருந்த கொக்கி, பாண்டீஸ்வரன் கேபிளைத் தாங்குவதற்காகச் சுவரில் அடித்த கொக்கி. ஜன்னலுக்குப் பக்கம், கைக்கு வாகான உயரம் என்று நானேதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். கட்டின் கயிறு கறுப்பு ஒயரை அமுக்கி, கொக்கியின் மேல் முழங்கையாக மடக்கியிருந்தது. குழை கட்டத் தொடங்கி மூன்று வாரம். நெட் கெட்டும் மூன்று வாரம்.

"கேக்குது மேடம், ரொம்ப நல்லாக் கேக்குது" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு கையாலும் குழைக்கட்டைத் தலைக்கு மேல் தாங்கியபடி மீதி மீட்டிங்கைக் கேட்டேன். தாயாடு என் துப்பட்டாவைத் தின்றது. தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அத்தை வந்து பார்த்து, எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்தார். கயிற்றை அவிழ்க்கச் சொன்னதும் அவிழ்த்தார். ஒயர் தானாக நிமிர்ந்தது. லேப்டாப்பில் நாற்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை காலை பாண்டீஸ்வரன் வந்து, மடங்கியிருந்த இடத்தை மாற்றிப் போட்டான். "உள்ள இருக்கது கண்ணாடி நூலுதான்க்கா. மடங்குனா வெளிச்சம் வெளிய போயிரும். ஆடு திங்கத் திங்கப் பாரம் குறையும், ஸ்பீடு ஏறும்" என்றான். என் நோட்டைப் புரட்டி, ஐந்து மணிக்கு முக்கால்வாசி தின்று முடித்திருக்கிறது என்று கணக்குச் சொன்னான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மொக்கையன் சித்தப்பாவிடமும் போய்க் கேட்டேன். அவர், "அப்ப ஆட்டையும் வைஞ்சியாத்தா, இல்ல எங்கள மட்டும்தானா?" என்றார்.

அன்று மதியம் குழையைக் கொட்டகையின் மறுகோடியில் விட்டத்தில் கட்டினேன். புது இடம் பிடிக்காமல் தாயாடு மீட்டிங் நடுவில் மூச்சு விடாமல் கத்தியது. யாரோ சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்.

"ஆட்டுச் சத்தம்கூட இவ்வளவு தெளிவா வருது. சரி அனுசியா, நீங்க அங்கேயே இருங்க."

கேமராவை அணைத்துவிட்டு அழுதேன். மூன்று வாரமாக அடக்கி வைத்தது எல்லாம் வந்தது. அழுது முடித்ததும் நன்றாகப் பசித்தது.

வேலை முடித்து வந்து மகளை மடியில் போட்டுக்கொண்டேன். அவள் ஒரு கையால் என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குடிக்கத் தொடங்கினாள். வியாழக்கிழமை நான் பறித்த நாலு இணுக்கு வேப்பங்கொழுந்து அம்மியின் மேல் வாடிக் கிடந்தது. அத்தை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய் ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார்.