டைரக்டர் அத்தான் எங்கள் கரைக்கு வந்தார்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் டைரக்டர் என்று பெயர். எந்தப் படத்தையும் அவர் எடுத்ததில்லை. ஃப்ரிட்ஜ் விற்கும் கடையில் மேற்பார்வை வேலை. லீவு கிடைத்தால் போகிற இடத்தையெல்லாம் வீடியோ எடுத்து இணையத்தில் போடுவார். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன இடத்திலும், "கொஞ்சம் அழ வைங்க, அப்பதான் நல்லா இருக்கும்" என்று கேட்ட மகான்.

நான் வாழ்க்கைப்பட்டது இந்தத் தீவில், ஒரே தெருவுள்ள மீனவ ஊரில். வீட்டுக்காரர் படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். நான் கரையில் மீன் தரம் பிரிக்கிறேன். இத்தனை வருஷமாக எட்டிப் பார்க்காத அத்தான், 'பழமை மாறாத கடலோரம்' என்று ஒரு வீடியோ போடுவதற்காக, காரைப் பெரிய படகில் ஏற்றிக்கொண்டு அக்காவோடு வந்து இறங்கினார். இறங்கியதும் மூக்கைப் பொத்தினார்.

"என்ன சகலை, இந்த நாத்தத்துல எப்பிடிக் குடும்பம் நடத்துறீங்க?"

என் வீட்டுக்காரர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "பழகிடுச்சு அண்ணே. உங்க சென்ட்டும் பழகிடும்" என்றார்.

மறுநாள் காலை கரைக்கு வந்த அத்தானுக்கு எங்கள் ஊர் பிடிக்கவில்லை. அவர் எதிர்பார்த்த அளவுக்கு நாங்கள் ஏழையாக இல்லை. பிளாஸ்டிக் கூடைகளை அப்புறப்படுத்தச் சொன்னார். எஞ்சின்களைச் சாக்குப் போட்டு மூடச் சொன்னார். கயிறு நீல நிறமாக இருந்ததற்குக்கூட எங்களைத்தான் கடிந்துகொண்டார்.

"அந்த பூட்ஸைக் கழட்டிட்டு, கூடையைத் தலையில வெச்சு நடந்து வாம்மா."

"தள்ளுவண்டி இருக்கே அத்தான். தலையில எதுக்கு?"

"பாக்கறவங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

"அப்போ அவங்களையே வந்து தூக்கச் சொல்லுங்க."

பக்கத்திலிருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குடையைப் பிடித்தபடி அவர் அருகில் நின்றாள். நிழல் முழுவதும் கேமராவுக்கு; அவள் தலை வெயிலில்.

அந்த நேரத்தில்தான் ஒரு படகு அவசரமாக வந்து மணலில் ஏறியது. நாங்கள் நெட்டையன் என்று கூப்பிடும் ஆளை நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். வலையில் கிடந்த திருக்கை மீன் வாலைச் சுழற்றியதில், அதன் முள் கெண்டைக்காலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. ரத்தம் ஊற்றியது. வலி தாங்காமல் அலறினான்.

அத்தானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்பிடியே நில்லுங்க! முகத்துல வெளிச்சம் விழல, ஆளை இந்தப் பக்கம் திருப்புங்க!"

தூக்கி வந்தவர்களில் ஒருவர் முழங்கையால் இடித்து அவரை ஓரம் தள்ளினார்.

ஆஸ்பத்திரி தீவின் அடுத்த கோடியில் இருக்கிறது. மீன் லாரி விடியும்போதே போய்விட்டது. கரையில் நின்ற ஒரே வண்டி அத்தானுடைய கார்தான்.

"அண்ணே, சாவி குடுங்க" என்று கை நீட்டினார் என் வீட்டுக்காரர்.

அத்தான் கேமராவை இறக்கினார். "ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமே சகலை?"

"அது வர்ற வரைக்கும் தாங்க மாட்டான் அண்ணே."

"இல்ல... சீட் கவர் புதுசு. ரத்தம் பட்டா போகவே போகாது. பிளாஸ்டிக் ஷீட் ஏதாவது இருக்கா பாருங்க."

பிளாஸ்டிக்கே கண்ணில் படக் கூடாது என்று காலையெல்லாம் குதித்த மனுஷன்!

அக்கா குடையை மடக்கிக் கீழே போட்டாள். அவர் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள்.

"ஏய், உனக்கென்ன ஓட்டத் தெரியும்?"

"உங்களுக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்தவ நான். வழியை விடுங்க."

நெட்டையனைப் பின் சீட்டில் கிடத்தி, என் வீட்டுக்காரர் அவன் காலை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். வண்டி ஒரு தடவை உதறி நின்றது. அக்கா மறுபடி கிளப்பி, புழுதி பறக்கப் போய்விட்டாள்.

"கிளட்ச்சைத் தேய்ச்சிடுவா பாரு" என்றார் அத்தான். பிறகு, "ஒரு டீ கிடைக்குமா? சர்க்கரை கம்மியா."

விருந்தாளி ஆயிற்றே, போட்டுக் கொடுத்தேன். வலைக் கொட்டகையில் உட்கார்ந்து, எடுத்ததைப் போட்டுப் பார்த்தவர், "ரத்தம் நல்லா விழுந்திருக்கு" என்றார். எத்தனையோ மீனின் குடலை உருவிப் போட்டவள் நான். அதைப் பார்க்க மட்டும் மனசு வராமல் கூடை கழுவப் போய்விட்டேன்.

சாயங்காலம் அக்காவும் என் வீட்டுக்காரரும் திரும்பி வந்தார்கள். முள்ளை எடுத்துவிட்டார்களாம், கால் தப்பியது, சில நாள் ஆஸ்பத்திரியிலேயே படுக்கையில் இருக்க வேண்டுமாம். அக்காவின் புடவையெல்லாம் ரத்தம். அத்தான் அவளைத் தாண்டிப் போய், பின் கதவைத் திறந்து, குனிந்து சீட்டைப் பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பின்புறத்தை அக்கா சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்குல்ல, கிளம்புங்க" என்றாள். "நான் இங்க இருக்கேன். வண்டியும் இருக்கட்டும். நெட்டையன் வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்குப் போய் வரணும்."

"அப்போ நான் எப்பிடிப் போறது?"

"ஐஸ் இறக்க வந்த லாரி அக்கரைக்குத்தான் திரும்பிப் போகுது."

அத்தான் என்னைப் பார்த்தார். சகலையைப் பார்த்தார். இருங்கள் என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லுவோம் என்று நினைத்திருப்பார். நான் காலி டீ கிளாஸை எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் லாரிக்காரரைக் கை தட்டிக் கூப்பிட்டார். டிரைவருக்கும் லோடுமேனுக்கும் நடுவில் டைரக்டர் ஏறி உட்கார்ந்தார்.

"சார், கொஞ்சம் ஒடுங்கி உக்காருங்க, கியர் போடணும்" என்று டிரைவர் அதட்டியது எங்களுக்கும் கேட்டது.

லாரி திரும்பும்வரைகூட அக்கா நிற்கவில்லை. கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"மீன் வறுக்கட்டுமாக்கா?"

"நாலு துண்டு கூடவே போடு" என்றாள். "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."