பர்மனென்ட்டின் பத்து விநாடி

1

இந்தக் கதை எனக்கு எங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியில் கிடைத்தது. என் வாயிலிருந்தே வந்தது என்று சொல்வது இன்னும் நேர்மை.

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகம் தெரியாது, வீடு தெரியாது. யாரோ ஒருவர் பேசுவார், இன்னொருவர் பதில் சொல்வார். காதில் விழுந்ததை எழுதிவிட்டு, பிறகு ஆளுக்கொரு முகத்தை ஒட்டுவேன். நாற்பது வருஷத் தொழில் ரகசியம் அவ்வளவுதான். இந்த முறை கேள்வி கேட்டவள் என் மருமகள். பதில் சொன்னது யார் என்று தெரிந்திருந்தால் இதை எப்போதோ முடித்துவிட்டுத் துணி மடிக்கப் போயிருப்பேன்.

தொடக்க வரியாக மூன்றை எழுதிப் பார்த்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மருமகள் என்னை வேலையைவிட்டு நீக்கினாள்." [சிரிப்பு வருகிறது. வரக் கூடாது.]

"மனிதவள மேலாண்மை என்பது" [கட்டுரை. வேண்டாம்.]

"அந்த நாற்காலியில் யாரும்" [அவசரம். இதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.]

மூன்றையும் அடிக்க மனமில்லை. கிடக்கட்டும்.

2

மருமகளுக்கு முப்பத்தெட்டு வயது. அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் பத்து வருஷம். மேலாளர் நாற்காலி காலியானபோது, முதுகலைப் பட்டம் இருந்தால் உனக்குத்தான் என்றார்கள். மனிதவள மேலாண்மையும் வணிகத் தலைமைத்துவமும். சனி, ஞாயிறு வகுப்பு. மகன் வெளியூர் வேலை. வீட்டில் நாங்கள் இருவர்.

"ஆளை எடுக்கறதுக்கும் அனுப்பறதுக்கும் ரெண்டு வருஷப் படிப்பா?" என்றேன், சேர்ந்த புதிதில்.

"மாமியாரைச் சமாளிக்கவே ஒரு பாடம் இருக்கு அத்தை. மோதல் மேலாண்மை."

"அதுல எவ்வளவு வாங்கினே?"

"எண்பத்தொண்ணு."

"பாரு, எல்லாம் என் புண்ணியம்."

எல்லாப் பாடத்திலும் தேறினாள், ஒன்றைத் தவிர. ஏன் என்று கேட்டதற்கு, "கஷ்டமா இருந்துச்சு அத்தை" என்றாள். முகத்தைப் பார்த்துவிட்டு நானும் குடையவில்லை. இரண்டாவது வாய்ப்புதான் கடைசி. அதிலும் தவறினால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் அந்த மேலாளர் நாற்காலி அவளிடம் தொழில் கற்ற ஒருத்திக்குப் போகும்.

3

தவறிய பாடம் ஒரு செய்முறைத் தேர்வு. அதை விளக்காமல் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அறை. ஒரு மேசை. இந்தப் பக்கம் மாணவர், அந்தப் பக்கம் காலி நாற்காலி. மூலையில் பேராசிரியர் மதிப்பெண் தாளோடு. மாணவர் காலி நாற்காலியைப் பார்த்துப் பணிநீக்கக் கடிதத்தை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் பத்து விநாடி மௌனம். எதிரில் இருப்பவர் அதிர்ச்சியை உள்வாங்க அந்த நேரம். நாம் எதையாவது பேசி அதை நிரப்பக் கூடாது. அனுதாபம் காட்டலாம், மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் தப்பு நிறுவனத்துடையது என்றாகிவிடும்.

வேலை இழக்கிறவள் ஒரு கற்பனை ஊழியர். பதினோரு வருஷமாக ஒரே ஆள், ஒரே கோப்பு. ஒவ்வொரு வகுப்பும் அதில் ஒரு வருஷத்துக்கான தாள்களைச் சேர்க்கும்: மதிப்பீடு, விடுப்புக் கடிதம், புகார். வருஷக் கடைசியில் இருபது பேரும் அவளை நீக்குவார்கள். அடுத்த வகுப்பு வரும்போது அவள் மறுபடி வேலையில் இருப்பாள். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் பர்மனென்ட்.*

* நல்ல பெயர். நான் வைத்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் இந்தக் கதையில் என்னுடையது எது, என்னுடையது இல்லாதது எது என்பதில் கவனமாக இருக்க விரும்புகிறேன்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் மருமகள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பர்மனென்ட்டின் கோப்பை மூடியபடியே வைத்தாள். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அத்தை, காலி நாற்காலியைப் பாத்தா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது. நீங்க உக்காருங்களேன்."

"என்னை வேலையைவிட்டுத் தூக்கப்போறியா? பாத்திரம் நீ தேய்க்கறதா இருந்தா சந்தோஷமாப் போறேன்."

"விளையாடாதீங்க. நீங்க கதை எழுதறவங்கதானே, வாய்க்கு வர்றதைப் பேசுங்க."

உட்கார்ந்தேன். கோப்பை நான் திறந்ததில்லை. இதைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

அவள் கடிதத்தை வாசித்தாள். நல்ல குரல், நிதானம். நிறுத்தினாள். மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணுவது அவள் தோள் அசைவில் தெரிந்தது. எனக்கு எழுதும்போது கேட்பதுபோலவே ஒரு குரல் கேட்டது. கேட்டதைச் சொன்னேன்.

"என் மேசையைத் திருப்பிப் போடச் சொல்லி மூணு தடவை எழுதிக் குடுத்தேன். முதுகுக்குப் பின்னால கதவு. யார் வர்றாங்கன்னே தெரியல."

மருமகள் சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து மூன்று தாள்களை எடுத்து வைத்தாள். மூன்று கையெழுத்து, மூன்று வெவ்வேறு வருஷம். மேசையைத் திருப்பிப் போடக் கோரிக்கை.

"எப்போ படிச்சீங்க?"

"நான் எங்கேம்மா படிச்சேன்?"

"அத்தை, பொய் சொல்லாதீங்க."

[இங்கே நான் எழுந்திருக்க வேண்டும். எந்தப் புத்திசாலிப் பாத்திரமும் எழுந்திருக்கும். எழுதுகிற எனக்கே என்மேல் கோபம் வருகிறது.]

"இன்னொரு தடவை வாசி" என்றேன்.

வாசித்தாள். குரலில் நிதானம் போயிருந்தது. பத்து விநாடியில் பாதிகூட ஆகியிருக்காது.

"போன வருஷம் ஏழாவது விநாடியில மன்னிச்சிடுங்கன்னு சொன்னது நீதானே?"

அதையும் என் வாய்தான் சொன்னது.

மருமகள் கையிலிருந்த கடிதம் மேசையில் விழுந்தது. அப்படி மன்னிப்புக் கேட்டதுதான் அவள் தவறிய காரணம். பேராசிரியரைத் தவிர யாருக்கும் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு கணவனிடம்கூடச் சொல்லவில்லையாம்.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றாள். பிறகு மெதுவாக, என்னைப் பார்த்து அல்ல, நாற்காலியைப் பார்த்து: "என்ன வேணும்?"

"இருநூத்திச் சொச்சம் பேர் என்னை அனுப்பியிருக்காங்க. எல்லாரும் பத்து எண்ணுவாங்க, எழுந்து போவாங்க. நீ ஒருத்திதான் மன்னிப்புக் கேட்டே. மன்னிச்சேனா இல்லையான்னு நான் சொல்றதுக்குள்ள நீயும் போயிட்டே. அதைச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன்."

நான் எழுந்துவிட்டேன். முழங்கால் வலியை மறந்து எழுந்தது அன்றுதான். மருமகள் நாற்காலியைப் பார்த்தபடியே இருந்தாள். நான் எழுந்த பிறகும்.

5

எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம். மருமகள்மேல் அல்ல, அவளை எனக்குத் தெரியும், குளியலறை விளக்கை அணைக்க மறப்பவள். பர்மனென்ட்மேல்தான். பேய் என்றால் செத்திருக்க வேண்டும். செத்திருக்க வேண்டுமென்றால் பிறந்திருக்க வேண்டும். இவள் பிறக்கவே இல்லை. இருபது இருபது பேராகச் சேர்ந்து, மதிப்பெண்ணுக்காக எழுதிய தாள்கள். அவ்வளவு பேர் எழுதி, அவ்வளவு பேர் அனுப்பினால் ஒரு ஆள் உண்டாகிவிடுவாளா?

[நான் எழுதித் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேர்? கணக்கெடுக்க வேண்டாம். இந்த நேரத்தில் வேண்டாம்.]

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு வேறு குரல் கேட்பதில்லை. பாதியில் நிற்கும் இன்னொரு கதையில் கப்பல் மாலுமியும் அவர் தம்பியும் பேச வேண்டும். இருவரும் அவள் குரலில் பேசுகிறார்கள்.

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: மருமகள் பத்து விநாடி வாய் திறக்கவில்லை. தேறுகிறாள். மேலாளர் நாற்காலி கிடைக்கிறது. அன்றைக்குச் சாப்பிட மூன்று தட்டு எடுத்துவைக்கிறாள். நான் ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன். அவள் மறுபடி எடுத்துவைக்கிறாள்.

இரண்டு: "சொல்லுங்க, கேக்கறேன்" என்கிறாள். பேராசிரியர் தாளில் கோடு போடுகிறார். பட்டம் போயிற்று. நாற்காலி பதில் சொல்கிறது. அந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். "நான் உன்னை" என்பதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்று: பர்மனென்ட்டை நானே நீக்குவது. என் கதை, என் ஊழியர். கடிதமும் எழுதினேன்: "இந்தக் கதையில் தங்கள் பணி இன்றுடன்"

[பேனா அங்கேயே நின்றது.]

7

இன்று தேர்வு. காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே மருமகள் கேட்டாள்:

"அத்தை, நான் என்ன பண்ணட்டும்?"

"உனக்கு எது சரின்னு படுதோ"

"கதையில என்ன எழுதியிருக்கீங்க?"

"இன்னும் எழுதலை."

"எழுதிடாதீங்க" என்றாள். "நீங்க எழுதினா அப்படியே நடந்துடுமோன்னு பயமா இருக்கு."

போய்விட்டாள். பத்து மணிக்குத் தேர்வு. கடிகாரம் பத்தைத் தாண்டி நான்கு நிமிஷம். இந்நேரம் கடிதத்தை வாசித்து முடித்திருப்பாள். நான் எழுதும் மேசை எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். இன்று உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், எதிரில் சுவர். கதவு என் முதுகுக்குப் பின்னால். திருப்பியது நானில்லை. மருமகளா என்று கேட்க அவள் வீட்டில் இல்லை.

நானும் எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

"என்னம்மா, எழுதி முடிச்சாச்சா?" என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆறு.

திரும்பிப் பார்க்கவில்லை. மருமகள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறேன். முடிவை நான் எழுதப் போவதில்லை. அவள் அங்கே வாய் திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம். நீங்கள் இதை எழுதவில்லை, வாசிக்கத்தான் செய்கிறீர்கள். ஆகவே உங்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று நம்புகிறேன்.

ஏழு.

மீதி மூன்றை நீங்கள் எண்ணுங்கள்.