வைரத்துக்கு நடுவே ஈயம்

நியூட்ரான் விண்மீனின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விலை: நகத்தளவு ஈயத் தகடு ஒன்று. ஈய அணுக்கருவின் மேல் நியூட்ரான்கள் எவ்வளவு தடிப்பாகத் தோல் போர்த்தியிருக்கின்றன என்று அளந்துவிட்டால், எட்டாத தூரத்து விண்மீன் எவ்வளவு இறுகும் என்று இங்கே உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

அந்தத் தகடுகளைச் செய்தவளுக்கு ஆய்வுக்கூடத்தில் தகட்டுக்காரி என்றே பெயர். ஈயம் சட்டென்று உருகிவிடும் என்பதால், சூட்டைக் கடத்த இருபுறமும் வைரச் சில்லு வைத்திருந்தாள். அப்படியும் மற்றவை எல்லாம் உருகிப்போய், மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது போனால் சோதனையும் போயிற்று.

குழுத் தலைவர் அவளுடைய அக்கா புருஷன். கட்டுப்பாட்டு அறையில் பேரம் தொடங்கியது.

"எலெக்ட்ரான் கற்றையை எழுபது மைக்ரோ ஆம்பியருக்கு ஏத்தலாமா?"

"ஐம்பது, அத்தான். அதுக்கு மேல தகடு தாங்காது."

"நாளைக்கு இயந்திரத்தை வேற குழுவுக்குக் குடுத்துடுவாங்க. ஐம்பதுல ஓட்டினா ஒண்ணும் தேறாது. அறுபத்தஞ்சு."

"காய்கறியா வாங்குறீங்க?"

"மச்சினிச்சிகிட்ட பேசாம வேற யார்கிட்ட பேரம் பேசுறது? உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அறுபது."

வேறு யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பாள். "சரி" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

கற்றை பாய்ந்தது. ஏறிய வெப்பமானி, மதியத்துக்கு மேல் மெல்ல இறங்கியது. அறையே மூச்சு விட்டது.

"பாத்தியா? உன்னை மாதிரிதான் உன் தகடும். கொஞ்ச நேரம் வீம்பு பண்ணும், அப்புறம் அடங்கிடும்."

அவள் சிரிக்கவில்லை. வெப்பமானி இருந்தது தகட்டில் அல்ல, அதைப் பிடித்திருக்கும் செம்புச் சட்டத்தில். கற்றை குறையாதபோது சூடு மட்டும் எப்படிக் குறையும்? கற்றையைத் தடுக்க அங்கே ஈயம் குறைந்தால்தான் குறையும்.

"நிறுத்துங்க, அத்தான்."

"சிதறுற எலெக்ட்ரான் எண்ணிக்கை வந்துட்டுதானே இருக்கு?"

"வைரத்துல பட்டும் எலெக்ட்ரான் சிதறும். இதுல ஈயத்தோடது எவ்வளவு?"

அவர் நிறுத்தச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார்.

கேமராவில் தகட்டைப் பார்த்தார்கள். ஈயம் ஓரமாக வழிந்து உறைந்திருந்தது. நடுவில் வெறும் வைரம். அதன் வழியே பின்சுவர் தெளிவாகத் தெரிந்தது.

அது எப்போது வழிந்தது என்று யாருக்கும் தெரியாது. தகட்டுக்காரி வெள்ளைப் பலகைக்குப் போனாள்.

வேண்டியது: எண்பது கோடி.

வந்தது: ஐம்பத்தொரு கோடி.

ஈயத்தினுடையது:

அங்கே எழுத ஒன்றுமில்லாமல் பேனாவை மூடினாள்.